கண்வலிக்காரர்கள் இந்தப் பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் செங்கல்பட்டில் கண் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஓர் ஓட்டுவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பேன். நடு அறை கண்ணாடிச் சோதனைக்கு. பின்னறையில் ஒரு மேசையும் நல்ல விளக்கும் போட்டு, அறுவைச் சிகிச்சை செய்வேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உதவிக்கு ஒரு கம்பவுண்டர் இருந்தார். கடைத்தெருவில் தலைமுறைகளாக வியாபாரம் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். வியாபாரம் பிடிக்காமல் மருந்து கலக்க வந்தவர். என்னைவிட மூத்தவர், என்னைவிட நன்றாகப் பேசுபவர்.

ஒரு கோடையில் அந்தக் கண்நோய் வந்தது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள். மறுநாள் ஒரு குடும்பமே வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் வெள்ளை விழி முழுவதும் இரத்தம் கட்டினாற்போல் சிவந்திருக்கும். நீர் கொட்டும், மணல் விழுந்தாற்போல் உறுத்தும். பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, பார்வைக்குப் பெரும்பாலும் கேடு வராது. ஒரு வாரத்தில் தானே போய்விடும். வேறொரு கண்டத்தில் தொடங்கி, துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கி, பாதி உலகத்தைச் சிவக்க வைத்துவிட்டுத்தான் அது எங்களிடம் வந்தது என்பதைப் பிற்பாடு மருத்துவ இதழ்களில் படித்தேன். அப்போது எங்களிடம் இருந்த விளக்கம் கம்பவுண்டருடையதுதான்.

"சந்திரனுக்குப் போனவன் சும்மாவா வந்தான் சார்? மண்ண அள்ளிக்கினு வந்தான்ல? அந்தத் தூசுதான் இது."

"மண்ணு அமெரிக்காவுல இருக்கு. செங்கல்பட்டுக்கு எப்படி வந்தது?"

"நல்லதுன்னா அவன் வெச்சிப்பான் சார். கெட்டதுன்னா நம்ம தலையிலதான கொட்டுவான்."

இந்த நோய்க்கு மருத்துவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. பரப்பாமல் இருப்பதுதான் முக்கியம். அதுவரை பரப்பிக்கொண்டிருந்தவர்களில் நாங்களும் உண்டு. ஒரே புட்டி மருந்தை, ஒரே கண்ணாடிக் குழாயால், நாற்பது பேர் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தோம். கை துடைக்க ஒரே துண்டு. கண்ணாடிச் சோதனைக்கு ஒரே சட்டகம், அது ஒரு மூக்கிலிருந்து இன்னொரு மூக்குக்குப் போகும். கிட்டத்து எழுத்து மங்கும் சாளேசுரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், மூன்றாம் நாள் சிவந்த கண்களோடு என் எதிரில் வந்து நின்றார். அவருக்கு நோயைக் கொடுத்தது என்னுடைய சட்டகம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன். துண்டை எடுத்துவிட்டேன். வாசலில் கை கழுவ லோஷன் தண்ணீர் நிரப்பிய தொட்டி வைத்தேன். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொதிநீரில் கழுவிய சிறு புட்டி கொண்டுவர வேண்டும், மருந்தை அதில் ஊற்றிக் கொடுப்போம், அவர்களே வீட்டில் விட்டுக்கொள்ள வேண்டும். கதவுகளைத் திறந்தே வைத்தோம், யாரும் கைப்பிடியைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடிச் சோதனையை நிறுத்தினேன். அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிப்போட்டுப் பின்னறையைப் பூட்டினேன். கண்ணின் அழுத்தத்தை அளக்கச் சிறு கருவி ஒன்று உண்டு. அதை நோயாளியைப் படுக்கவைத்துக் கருவிழியின் மீதே நிறுத்த வேண்டும். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கருவி இல்லாத இடங்களில் மூடிய இமையின் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பழைய முறை. அதையும் விட்டேன். எவருடைய கண்ணையும் தொடுவதில்லை என்பதே அந்தப் பருவத்தின் விதி.

வீட்டுக்குப் பக்கவாட்டில் கீற்றுக்கொட்டகை ஒன்று போட்டேன். கண்நோய்க்காரர்கள் அங்கே நிற்க வேண்டும். நான் என் அறை ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்ப்பேன். கம்பவுண்டர் மருந்து ஊற்றிக் கொடுத்து, ஒரு வாரத்துக்குத் திரும்பி வரக்கூடாது என்று சொல்லி அனுப்புவார். மற்ற நோயாளிகள் முன்வாசல் வழியாக உள்ளே வருவார்கள். ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. ஊரிலிருந்த மற்ற மருத்துவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாசலுக்கும் பொதுவாக ஒரு பலகை தேவைப்பட்டது. கம்பவுண்டர் சுலபமான வழி சொன்னார்.

"மெட்ராஸ் ஐ இந்தப் பக்கம்னு போட்டுடலாம் சார். கொயந்தைக்குக் கூடத் தெரியும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரி நாட்களில் நான் தமிழ்க் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். மருத்துவத்தையும் நல்ல தமிழில் எழுத முடியும் என்று மேடைகளில் பேசியவன். நோய்க்குத் தமிழில் பெயர் இருக்கும்போது ஆங்கிலேயன் வைத்த பெயரை எதற்குப் பலகையில் எழுத வேண்டும்? எங்கள் ஊரில் இந்த நோயைக் கண்வலி என்றுதான் சொல்வோம். 'பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை?' என்றால் 'கண்வலி' என்போம், வேறு அர்த்தமே கிடையாது. ஆகவே 'கண்வலிக்காரர்கள் இந்தப் பக்கம்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். சினிமா விளம்பரத் தட்டி எழுதும் ஆள் அதைச் சிவப்பில் அழகாக எழுதினார்.

"சார், இங்க கண்ணு வலின்னா கண்ணு வலிக்குதுன்னு அர்த்தம்" என்றார் கம்பவுண்டர்.

"கண்ணு வலிச்சா கண்வலிதானே?" என்றேன்.

"உங்க ஊர்ல அப்டி இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலகை மாட்டிய மறுநாளே ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருக்க, முன்வாசல் வழியாக நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"வெளியே போர்டு பார்க்கலையா?"

"பாத்தேன் டாக்டர். எனக்கு வலி கிலி ஒண்ணும் இல்ல. மெட்ராஸ் ஐதான்."

அன்று மாலை இதை நண்பர்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். நோயே தெரியாமல் நோயின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பலகையை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நோய் உள்ளவர் உள்ளே வந்தால் எனக்குத் தொற்றும், அதை மட்டும் யோசித்தேன். நோய் இல்லாதவர் அந்தக் கொட்டகைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை.

அப்படிப் போனவர், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் கடலுக்குப் போவார். அவர் பிடித்து வருவதை இந்த அம்மாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து விற்பார். கடைத்தெருவில் அவர் குரல் தெரியாதவர்கள் கிடையாது. அன்று கூடை இல்லாமல், முந்தானையால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் கம்பவுண்டர், எல்லாரிடமும் கேட்பதுபோல், பலகையில் இருந்த என் சொல்லையே கேட்டார்: "கண்ணு வலியா?" அவர் ஆமாம் என்றார். வலது கண் சிவந்தும் இருந்தது. கொட்டகைக்கு அனுப்பப்பட்டார்.

ஜன்னலிலிருந்து நான் அவரைப் பார்த்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவனைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கொட்டகைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தார். நடுவில் எழுந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இந்தக் கண்நோய்க்கு வாந்தி வராது. கண் மருத்துவம் படித்த எவரும் சிவந்த கண்ணையும் தலைவலியையும் வாந்தியையும் ஒன்றாகப் பார்த்தால் எழுந்து ஓட வேண்டும். ஆனால் அந்தக் கொட்டகையில் இருப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நோய் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். கொட்டகை போட்டதே அதற்காகத்தான். ஒரு புட்டி மருந்தும், ஒரு வாரத்துக்கு வரக்கூடாது என்ற உத்தரவும் வாங்கிக்கொண்டு அவர் போனார்.

சில நாட்களில் பஸ் கண்டக்டர்கள் சிவந்த கண்ணோடு வருபவர்களை ஏற்ற மறுத்தார்கள். கடற்கரைப் பக்கத்து மக்கள் வர முடியாமல் போனது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய காரில் மருந்தை ஏற்றிக்கொண்டு, கம்பவுண்டரோடு குப்பங்களுக்குப் போகத் தொடங்கினேன். அங்கேயும் விதி அதேதான். நான் கார் அருகில் நிற்பேன். அவர் மணலில் ஒரு பெட்டியைப் போட்டு மருந்து ஊற்றிக் கொடுப்பார்.

அந்த அம்மாளின் குப்பத்துக்கு நாங்கள் போனபோது அவருடைய கணவர் வேகமாக வந்தார். கம்பவுண்டரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா டாக்டரே, குப்பத்துல அத்தினி பேருக்கும் சரியாப் பூடுச்சி. எங்க வூட்ல மட்டும் சுருண்டு கெடக்கறா. உன் மருந்து ஆளு பாத்து வேல செய்யுமா?"

"எத்தனை நாளா?"

"உங்கிட்ட வந்துட்டு வந்ததுலேர்ந்து. இன்னொரு தபா போலாம்டின்னா, ஒரு வாரத்துக்கு வரக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு, போனா டாக்டரு திட்டுவாருன்றா. என்ன வாய்க்கு வந்தபடி திட்டுவா. உனக்குப் பயப்படறா."

குனிந்து குடிசைக்குள் போனேன். அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கதவுப் பக்கம் திரும்பச் சொன்னேன். இடது கண் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் ஆகப் போகிறது, இன்னும் ஒரு கண்தான் சிவந்திருக்கிறது; தொற்றும் கண்நோயாக இருந்தால் இதற்குள் மற்றதற்கும் வந்திருக்கும். டார்ச் அடித்தேன். வலது கருவிழி மூச்சு பட்ட கண்ணாடிபோல் மங்கியிருந்தது. கண்ணின் பாப்பா விரிந்து, ஒளி பட்டும் அசையாமல் நின்றது. இமையை மூடச் சொல்லி இரண்டு விரல்களை வைத்தேன். நல்ல கண் விரலுக்குக் கீழே பழுத்த திராட்சைபோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இது கூழாங்கல்லாக இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"உங்கிட்ட வந்தேனே, அதுக்கு மொத நாளு பொழுது சாஞ்சி. வெளக்கப் பாத்தா சுத்தி கலர் கலரா வளையம். அப்பறம் நோவுன்னா நோவு, பாதி மண்டைய கோடாலியால பொளந்தா மாரி. வாந்தி வேற. விடிஞ்சதும் ஓடியாந்தேன். கண்ணு வலியான்னாரு. ஆமான்னேன். அந்தாண்ட போயி நில்லுன்னாரு. நின்னேன்."

கம்பவுண்டர் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கு வந்திருந்தது கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி திடீரென்று அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறும் நோய். ஊரில் பரவிய கண்நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிடித்த அன்றே அழுத்தத்தை இறக்கினால் பெரும்பாலும் பார்வை நிற்கும். நாட்கள் போனால் உள்ளே நரம்பு செத்துவிடும். அந்த அம்மாளையும் கணவரையும் காரில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். வழியில், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காமல், கம்பவுண்டர் சொன்னார்: "நான்தான் சார் அந்தாண்ட அனுப்பினேன்." 'நீங்கள் இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

பூட்டிய பின்னறையைத் திறந்து கழுவி, அவரைப் படுக்கவைத்தேன். அழுத்தம் இறங்க மாத்திரை கொடுத்தேன், பாப்பாவைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டேன், எலுமிச்சைச் சாற்றில் கிளிசரின் கலந்து குடிக்கச் சொன்னேன். அந்த நிலையிலும் அவர் விடவில்லை.

"கண்ணு நோவுதுன்னா ஜூஸு குடுக்கற. பசிக்குதுன்னா கண்ணுல சொட்டு ஊத்துவியா?"

"குடி சொல்றேன்" என்றார் கணவர். "நம்மளுக்கு எவன் ஜூஸு குடுத்தான்?"

சாயங்காலத்துக்குள் வலி குறைந்தது. மறுநாள் அந்தக் கண்ணில் அறுவை செய்தேன். கல் இளகியது. ஆனால் என் கை விரல்களை எண்ணச் சொன்னபோது அவரால் முடியவில்லை. கையை ஆட்டினால் ஏதோ நிழலாடுவது தெரிந்தது. டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொன்னார். அவ்வளவுதான். அது அதற்குமேல் திரும்பவில்லை.

இனி இருந்தது இடது கண். இந்த நோய் ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும், இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். நாளைக்கும் வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். முன்கூட்டியே பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரையின் ஓரத்தில், மேல் இமை மறைக்கும் இடத்தில், ஊசிமுனை அளவு ஒரு துவாரம் வெட்டிவிட்டால் நீருக்கு இன்னொரு வழி கிடைக்கும், அழுத்தம் ஏறாது. சின்ன வேலை. ஆனால் நன்றாகப் பார்க்கும் கண்ணில் கத்தி வைக்க அவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காமல் குப்பத்துக்குப் போய்விட்டால் அந்தக் கண்ணும் போகும்.

நான் படுக்கை அருகே ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தக் கண்ணு இன்னா பண்ணுச்சு? சும்மா கீற கண்ணு. ஒண்ணு போச்சு. இதையும் உன் கையில குடுத்துட்டு, மீனுக்குப் பதிலா நான் வலைய வித்துகினு போறதா?"

"இது போகாமல் இருக்கத்தான் சொல்றேன்."

 பிறகு கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் டாக்டரே. நான் மறுநாளே வந்தேனே. அன்னிக்கே நீ பாத்திருந்தா இந்தக் கண்ணு நின்னிருக்குமா?"

இதற்குப் பதில் 'ஆமாம்'. மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு எதையும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனாலும் இதற்குப் பதில் 'ஆமாம்'. நான் சொன்னது: "நிச்சயமா சொல்ல முடியாது."

"அப்போ ஏன் போச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே யோசித்துச் சொன்னார். "வாளமீனு அறுத்துகினு இருந்தேன் அன்னிக்கு. கண்ணுல ஊறல் எடுத்துச்சு. கய்வாத கையாலயே தேச்சேன். கவுச்சி கை. அதுனால இருக்குமா?"

"இருக்கலாம்" என்றேன்.

அவர் முகம் உடனே தெளிந்தது. அது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது, அது தன் கையிலேயே இருந்தது, இனி அந்தக் கையைக் காவல் காத்தால் போதும். "அப்போ தப்பு என்னுதுதான். நீ இன்னா பண்ணுவ? சரி நைனா, அந்தக் கண்ணுல ஓட்ட போடு" என்றார். இரண்டு நாள் கழித்துப் போட்டேன். நன்றாக அமைந்தது. அந்த இடது கண்ணுக்குப் பின்னாளில் ஒரு குறையும் வரவில்லை.

அந்த ஒரு சொல்தான் அவருடைய நல்ல கண்ணைக் காப்பாற்றியது என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் என்னை நம்பியிருக்க மாட்டார், கத்தி வைக்க விட்டிருக்க மாட்டார் என்பது என் வாதம். நடந்திருக்கலாம். ஆனால் சொல்லிப் பார்க்கவில்லையே. அந்த நொடியில் அவருடைய கண்ணை நினைத்தா அப்படிச் சொன்னேன், என் பெயரை நினைத்தா என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வந்தது ஜன்னலில் நான் நின்றதுதான் என்று சொல்ல வேண்டும்.

அவர் வீட்டுக்குப் போன அன்றே பலகையைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக எதையும் எழுதி மாட்டவில்லை. கொட்டகையில் யார் வந்தாலும், கையைக் கழுவிக்கொண்டு நானே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கண் மட்டும் சிவந்திருந்தால், தலை வலித்தால், பார்வை மங்கினால் உள்ளே. இமையின் மேல் விரல் வைத்துவிட்டு மறுபடி கை கழுவினேன். நேரம் இரண்டு மடங்கு ஆயிற்று. எனக்கும் ஒருமுறை நோய் தொற்றியது, ஒரு வாரத்தில் போயிற்று. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் எங்கள் ஏற்பாடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொட்டகை, தொட்டி, தனிப் புட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விரல் வைத்துப் பார்ப்பதை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னேன். அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நோய் ஓய்ந்தது. கடைத்தெருவில் அந்த அம்மாளின் குரல் கேட்கவில்லை என்று கம்பவுண்டர்தான் கவனித்தார். விசாரித்துக்கொண்டு வந்தார். "மீனத் தொடறதில்லையாம் சார். டாக்டரு சொன்னாருன்னு சொல்லிக்கினு கீதாம். புருசன் புடிக்கிறத வேற யாரோ விக்கறாங்களாம். வூட்ல கொயம்பு வெக்கறது கூட அந்தாளுதானாம்." நான் ஏதோ மருந்துப் பட்டியலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

அதற்கடுத்த ஆண்டோ அதற்கும் அடுத்த ஆண்டோ, ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். அவர்கள் கோயிலைப் பார்க்கப் போனார்கள். பஸ் நிற்கும் இடத்தில் நான் நிழல் தேடிக்கொண்டிருந்தபோது, வேர்க்கடலைக் கூடையோடு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கணவர் பக்கத்தில் குந்தியிருந்தார். சத்தம் போட்டு விற்கும் பெண்கள் நடுவே இவர் சத்தமில்லாமல் விற்றார். கடலைக்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை போலும்.

"டாக்டரே!" என்று இருவரும் எழுந்தார்கள். கண்ணைப் பார்த்தேன். இடது கண் தெளிவாக இருந்தது. வலது கண் வெளுத்துச் சற்று உள்வாங்கியிருந்தது.

"கடலையெல்லாம் எப்போதிலிருந்து?" என்று தெரியாதவன்போல் கேட்டேன்.

"நீ சொன்னதுலேர்ந்துதான். கவுச்சி கை கண்ணுக்கு ஆவாதுல்ல? குப்பத்துல எல்லாப் பொம்பளைங்களுக்கும் சொல்லிட்டேன். சிரிக்கறாளுங்க. கண்ணு போனாத் தெரியும்."

"மீன் புடிக்கிறவன் வூட்ல மீன் வாசனையே இல்ல" என்றார் கணவர். "நான் வூட்டாண்ட வந்தாலே போயி சோப்பு போடுன்றா. கடல்ல எறங்கறவனுக்கு சோப்பு எதுக்கு, சொல்லு டாக்டரே."

நான் சொன்னேன்: "நீங்க மீன் விக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது. இந்தக் கண்ணுக்கு இனி ஒண்ணும் வராது."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "மீனு ஆவும்னா, அப்போ அந்தக் கண்ணு ஏன் போச்சு?"

"அது வேற காரணம்."

"இன்னா காரணம்?"

அவருடைய இடது கண் அப்போது என் வைத்தியத்தை நம்பி இல்லை. துவாரம் போட்டாயிற்று, அது எக்காலத்துக்கும் போதும். அவர் என்னை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தக் கண் பார்க்கும். ஆகவே அவருக்காக மறைக்கிறேன் என்ற வாதம் அன்று என்னிடம் இல்லை. வெயிலில், பகல் வெளிச்சத்தில், கேள்வி கேட்டவர் எதிரிலேயே நிற்க, நான் மருத்துவரைப் போல் பதில் சொன்னேன்.

"அழுத்தம்."

"அழுத்தமா? எனக்கா?"

கணவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, இதுக்கு டாக்டரு வேற சொல்லணுமா? இவ அழுத்தக்காரின்னு தாலி கட்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்!"

"ஆமா, நீ பெரிய வாயாடி, ஒண்ணத்தையும் மறைக்க மாட்ட. போன மாசம் சாராயம் குடிச்சத இப்ப சொல்லு டாக்டராண்ட" என்று அவரும் சிரித்தார். பிறகு என்னிடம், "அழுத்தமோ கிழுத்தமோ, அன்னிக்கு நீ இருக்கலாம்னு சொன்ன. டாக்டரு வாயால இருக்கலாம்னு வந்தா இருக்குதுன்னுதான் அர்த்தம். இருக்கற ஒரு கண்ண வெச்சி நான் வெளையாட முடியாது. மீனு வேணா நைனா" என்றார்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். காகிதத்தைச் சுருட்டிக் கடலை நிரப்பிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். உறவினர்கள் திரும்பி வந்ததும் காரில் ஏறினேன்.

சில ஆண்டுகளில் நான் செங்கல்பட்டை விட்டுவிட்டேன். அவர் கடைசிவரை மீனைத் தொடவில்லை என்று கம்பவுண்டர் எழுதியிருந்தார். காரணம் கேட்டவரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியது சிறிய வாக்கியம்தான், எந்த ஊர்த் தமிழிலும் ஒரே அர்த்தம் தருவது: நீங்கள் நேரத்துக்கு வந்தீர்கள், நான் பார்க்கவில்லை.